மூளை ரத்தக்கசிவு: பதினைந்து நாள் காப்பீடும் பல்லாண்டு அபாயமும்

திருவனந்தபுரம் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருவுக்குச் 'சாலை' என்பதே பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அங்காடி அது. மலையாளத்துக்கு இணையாகத் தமிழும் ஒலிக்கும் இத்தெருவில், நெல்லை, குமரிப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய வணிகர்களும் தொழிலாளர்களும் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்று 2021இல் மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன், இத்தெருவில் கடை நடத்தியபடியே இத்தெருவின் கதைகளை எழுதியவர் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்ததே. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபோது, சாலைக்கும் அதன் உறவினர்களின் ஊர்களுக்கும் நடுவே மாநில எல்லை வந்து விழுந்தது. ஆயினும் தலைக்குள் நோய் என்றால் எல்லையின் இருபுறத்தாரும் நாடிச் செல்லும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையமே அது.

அரச குடும்பம் அளித்த கட்டடத்தில் 1970களில் உருவெடுத்த இந்நிலையம், 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் வராமல் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்குவது இதன் தனித்தன்மை. இங்குள்ள நோயாளிகளின் நிலை குறித்து மக்களவையில் கேள்வி எழுந்தால் பதில் கூற வேண்டியவர் அறிவியல் துறை அமைச்சரே. இதயம், மூளை நரம்பு ஆகிய இரு துறைகளில் பெயர் பெற்ற இம்மருத்துவமனையில் பக்கவாத நோய்க்கெனத் தனித் திட்டமும் செயல்படுகிறது. நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டால் காலையிலேயே வந்து சேர்ந்துவிடலாம். சென்னைக்கோ ஓர் இரவு முழுவதும் பயணிக்க வேண்டும். தென்மாவட்ட நோயாளிகள் இங்கு வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மூளையில் ரத்தம் கசிந்து மயங்கி விழுந்தவரை மருத்துவமனையில் சேர்த்த குடும்பம் கேட்கும் முதற்கேள்வி, 'பிழைப்பாரா?' என்பது. பிழைத்துக்கொண்ட பின்னர் எழும் கேள்வி வேறு: இது மீண்டும் வருமா, வந்தால் எப்போது, அதுவரை என்ன செய்வது? இதற்கான விடை கசிவின் காரணத்தைப் பொறுத்து அடியோடு மாறும். முதிய வயதில், நெடுநாள் உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு வரும் கசிவின் காரணம் ஏறக்குறைய வெளிப்படையானது. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தால் மறுகசிவின் அபாயம் பெருமளவு குறையும். முப்பது, நாற்பது வயதில், ரத்த அழுத்த நோய் ஏதும் இல்லாத ஒருவருக்குக் கசிவு ஏற்படும்போதுதான் மருத்துவர்கள் வேறு காரணங்களைத் தேடுகின்றனர். அவற்றுள் ஒன்று, மூளைக்குச் செல்லும் தமனிகள் சிறிது சிறிதாகச் சுருங்கும் நோய். மருத்துவ உலகம் அதை 'மோயமோயா' என்ற ஜப்பானியப் பெயரால் அழைக்கிறது.

கழுத்தின் இருபுறமும் ஏறி மண்டையோட்டுக்குள் நுழையும் உட்கழுத்துத் தமனிகள், மூளையின் அடிப்பகுதியில் கிளைபிரியும் இடத்தில் குறுகத் தொடங்குகின்றன. இது கொழுப்புப் படிவதால் வரும் அடைப்பன்று. தமனியின் சுவரே உட்புறமாகத் தடித்து வழியை மூடுகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 1957இல் முதன்முதலாக இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினர். ஆஞ்சியோகிராம் படத்தில் சிகரெட் புகைபோலத் தெரிந்த மெல்லிய நாளக் கூட்டத்தைக் கண்டு, 1969இல் சுஸுகி, தகாகு ஆகிய இருவரும் இப்பெயரைச் சூட்டினர். ஜப்பானிய மொழியில் புகை மூட்டத்தைக் குறிக்கும் சொல் அது.

தமனி சுருங்கினால் ரத்தம் தடைபட வேண்டுமே, ஏன் கசிகிறது என்ற ஐயம் எழுவது இயல்பு. பெரிய வாய்க்கால் தூர்ந்துபோனால் தண்ணீர் வரப்புகளில் புகுந்து வழி தேடும். தாங்காத இடத்தில் வரப்பு உடையும். மூளையும் அவ்வாறே அடைபட்ட தமனிக்கு மாற்றாக நூற்றுக்கணக்கான சிறு நாளங்களை விரித்துக்கொள்கிறது. அவ்வளவு ரத்தத்தைச் சுமக்கப் படைக்கப்படாத அந்த நாளங்கள் ஆண்டுக்கணக்கில் அழுத்தம் தாங்கி, ஒருநாள் வெடிக்கின்றன. குழந்தைகளிடம் இந்நோய் பெரும்பாலும் ரத்தம் எட்டாமையால் வரும் கை கால் தளர்ச்சியாக வெளிப்படுகிறது. தேம்பி அழுத பின் ஒரு கை சிறிது நேரம் துவண்டு போகும் குழந்தையைக் கண்டால் நரம்பியல் மருத்துவர் எச்சரிக்கையாகிவிடுவார். வளர்ந்தோரிடம், குறிப்பாகக் கிழக்காசிய நாடுகளில், கசிவாக வெளிப்படுவது அதிகம். ஆண்களைவிடப் பெண்கள் ஏறக்குறைய இருமடங்கு பாதிக்கப்படுகின்றனர்.

பிழைத்தவர்களின் எதிர்காலம் பற்றித் தெளிவான கணக்கு ஜப்பானிலிருந்தே கிடைக்கிறது. கசிவுற்ற 42 நோயாளிகளைச் சராசரியாக ஆறரை ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2000இல் வெளியாயிற்று. அவர்களில் 14 பேருக்கு, அதாவது மூவரில் ஒருவருக்கு, மீண்டும் கசிவு ஏற்பட்டது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஏழு பேர் என்ற விகிதம் அது. இந்த ஏழு என்பது முதற்பார்வையில் சிறிதாகத் தோன்றலாம். முப்பத்தைந்து வயதில் முதற்கசிவு கண்டவர் அறுபது வரை வாழ எண்ணினால், இந்த ஏழை இருபத்தைந்து முறை கடந்தாக வேண்டும். அவ்வாய்வின் மற்றொரு முடிவு இன்னும் கடுமையானது. முதற்கசிவுக்குப் பின் நல்ல நிலைக்கு மீண்டோர் 45 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். மறுகசிவுக்குப் பின் அது 21 விழுக்காடாக வீழ்ந்தது. இறப்பு விகிதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டிலிருந்து 28க்கு மேல் உயர்ந்தது. மறுகசிவுக்கு நாள் குறிக்கவும் இயலாது. ஓராண்டுக்குள் வரலாம், பல ஆண்டுகள் ஓடிய பின்னும் வரலாம். முதலில் கசிந்த இடத்திலேயேதான் கசியும் என்பதும் இல்லை.

சுருங்கும் தமனியை மீண்டும் விரியச் செய்யும் மருந்து இன்றுவரை இல்லை. உள்ள வழி அறுவை சிகிச்சையே. காதுக்கு முன்புறம், நெற்றிப்பொட்டில் விரல் வைத்தால் துடிப்பை உணரக்கூடிய தமனியை எடுத்து, மண்டையோட்டைத் திறந்து, மூளையின் மேற்பரப்பில் ஓடும் தமனியுடன் தைத்து இணைக்கின்றனர். இதயத்துக்குச் செய்யும் பைபாஸ் போன்றதே இதுவும். ஆனால் இணைக்கப்படும் நாளத்தின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். நுண்ணோக்கியின் துணையுடன் 1967இல் சூரிச் நகரில் யாசர்கில் என்ற துருக்கிய மருத்துவர் இதை முதன்முதலில் செய்து காட்டினார். புதிய வழியில் ரத்தம் தாராளமாகப் பாயத் தொடங்கியதும், பலவீனமான சிறு நாளங்களின் சுமை குறையும் என்பது இதன் தத்துவம்.

அது மெய்யாகவே மறுகசிவைத் தடுக்கிறதா என்பதை அறிய ஜப்பானில் 22 மருத்துவமனைகள் ஒன்றுசேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. 2001இல் தொடங்கி நோயாளிகளைச் சேர்க்கவே 2008 வரை ஆயிற்று. சேர்ந்தவர்கள் 80 பேர்தான். இந்நோய் மிகுந்துள்ள நாட்டிலேயே இந்நிலை. ஐந்தாண்டுகள் கண்காணித்து 2014இல் வெளியிட்ட முடிவு: அறுவை செய்துகொண்ட 42 பேரில் 5 பேருக்கு மறுகசிவு, செய்துகொள்ளாத 38 பேரில் 12 பேருக்கு. வேறுபாடு பெரிதாகத் தோன்றினும், எண்ணிக்கை சிறிதாகையால் புள்ளியியல் நோக்கில் அது விளிம்பில்தான் நின்றது. ஆய்வை நடத்தியவர்களே அதை மறைக்கவில்லை. அறுவையினால் புதிதாகப் பக்கவாதம் நேரும் அபாயமும் உண்டு. பட்டினி கிடந்த மூளைப் பகுதிக்குத் திடீரெனப் பாயும் ரத்தமே சில நாட்களுக்குத் தொல்லை தருவதும் உண்டு. இருப்பினும், கசிவு கண்ட வளர்ந்தோருக்கு அறுவையைப் பரிந்துரைக்க இன்று மருத்துவர்கள் முன்வருவதற்கு முதன்மையான அடிப்படை இந்த ஆய்வே.

அதே நோயாளிகளின் பதிவுகளை மேலும் ஆராய்ந்து 2016இல் வெளியான முடிவு ஒரு படி முன்னேறியது. மூளையின் முன்புறத்தில் கசிந்தவர்களைவிடப் பின்புறத்தில் கசிந்தவர்களுக்கு மறுகசிவு பலமடங்கு அதிகம் எனவும், அறுவையின் பயனும் அவர்களுக்கே கூடுதலாகக் கிட்டுகிறது எனவும் தெரியவந்தது. ஆக, ஒருவரின் அடுத்த இருபது ஆண்டுகள் எப்படி அமையும் என்பதை ஓரளவேனும் கணிக்க இரு செய்திகள் தேவை: கசிவின் காரணம் மோயமோயாதானா, கசிந்த இடம் எது?

இங்குதான் நம் நாட்டின் நடைமுறைக் கோளாறு தொடங்குகிறது. மாவட்ட மருத்துவமனையின் சி.டி. ஸ்கேன் கசிவைக் காட்டும். கசிந்த இடத்தையும் காட்டும். தமனிகளைத் தனியே படமெடுக்காமல் காரணத்தைக் காட்டாது. கசிவுற்ற எவருக்கும் அந்த நேரத்தில் ரத்த அழுத்தம் எகிறியே இருக்கும். எனவே வெளியேற்றச் சீட்டில் 'பிரஷர்' என்று எழுதி, மாத்திரை கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவது எளிது. பெரும்பாலானோருக்கு அது சரியாகவும் இருந்துவிடுகிறது. இளவயதினர் சிலருக்கு அது தவறாகும்போது, அத்தவறு இரண்டாம் கசிவில்தான் வெளிப்படும்.

நோயும் அரிது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட அறிக்கையில், பத்தாண்டுகளில் தங்களிடம் வந்த மோயமோயா நோயாளிகள் 44 பேர் எனக் குறிப்பிட்டனர். அத்தனை மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் குவியும் மருத்துவமனையின் கணக்கு இது. மாவட்டத் தலைநகரில் பணிபுரியும் ஒரு மருத்துவர், பணி ஓய்வு பெறும்வரை ஒருவரைக்கூடக் காணாமலிருக்கலாம், கண்டும் அறியாமலிருக்கலாம்.

பக்கவாதத்தை எண்ணிக் கணக்கெடுப்பதில் திருவனந்தபுரத்துக்கு முன்னோடி இடம் உண்டு. 2005ஆம் ஆண்டு மே முதல் நவம்பர் வரை ஆறு மாதங்கள், நகரமும் ஊரகமுமாக ஏறத்தாழ 9 லட்சம் மக்களிடையே நடத்தப்பட்ட பதிவேட்டில் 541 பேர் இடம்பெற்றனர். 28 நாட்களுக்குள் இறந்தோர் நகரில் 24.5 விழுக்காடு, ஊரகத்தில் 37.1 விழுக்காடு. கல்வியிலும் சுகாதாரத்திலும் முதலிடம் வகிக்கும் மாநிலத்தின் தலைநகரை ஒட்டியே இவ்வளவு இடைவெளி என்பது 2009இல் இம்முடிவுகள் வெளியானபோது கவனம் பெற்றது. பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெங்களூரு மையம் தேசிய அளவில் தொடங்கிய பதிவேடுகளில் திருநெல்வேலியும் ஒன்று. அங்கும் மக்கள்தொகை வழிப் பதிவேடு நோயாளியைப் பின்தொடரும் காலம் 28 நாட்களே. உடனடி இறப்பை அளக்க அது போதும். ஆண்டுக்கு ஏழு விழுக்காடு என நகரும் அபாயத்தை 28 நாள் கணக்கால் அளக்க முடியாது.

காப்பீட்டின் கடிகாரம் அதைவிடக் குறுகியது. 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. அறுவை சிகிச்சைக்கு அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் வீடு திரும்பிய பின் அது ஏற்பது 15 நாள் செலவை மட்டுமே. புறநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்கும் வாங்கும் மாத்திரைக்கும் அதில் இடமில்லை. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சில பரிசோதனைகளைத் தனியாகவும் ஏற்கிறது என்ற வகையில் ஒரு படி மேல். இன்னொன்றையும் இங்கே குறிப்பிடலாம். புற்றுநோய், நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுடன் பக்கவாதத்தையும் பெயரிலேயே தாங்கி 2010இல் பிறந்த மத்திய அரசின் தடுப்புத் திட்டம், 2023இல் 'தொற்றா நோய்கள்' என்ற பொதுப்பெயருக்கு மாறியது. பெயர் மாற்றத்தால் ஒதுக்கீடு குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. எனினும் பக்கவாதம் என்ற சொல் தலைப்பிலிருந்து மறைந்தது மறைந்ததுதான்.

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தொழிலாளியை எண்ணிப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். மூளையில் கசிவு கண்டவர் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கக் கூடாது என்பது மருத்துவர்கள் கூறும் பொது அறிவுரை. மூட்டை தூக்குவோருக்கு அதுவே தொழில். சுமைதூக்கும் தொழிலாளருக்கெனக் கேரளம் 1978லேயே தனிச் சட்டம் இயற்றி நலவாரியமும் அமைத்தது. வேறு பல மாநிலங்களில் அதுவும் இல்லை. பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டும் ஊழியரின் நிலை இன்னும் மோசம். தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் உடலின் ஒருபக்கச் செயலிழப்பு, நீண்டகால நோய்ப் பட்டியலில் உள்ளது. உரிய தகுதி உள்ளவருக்கு ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் வரை கிடைக்க வழி உண்டு. இந்தியத் தொழிலாளர் சட்டங்களிலேயே இந்நோயின் நீளத்தைச் சற்றேனும் உணர்ந்த ஏற்பாடு இதுதான் எனலாம். ஆனால் பொதுவாகப் பத்துப் பேராவது பணிபுரியும் நிறுவனங்களுக்கே அத்திட்டம் பொருந்தும். மூவரும் நால்வருமாக ஊழியர் நிற்கும் கடைகளுக்கு அது எட்டுவதில்லை.

கை கால் செயலிழந்தால் கண்ணுக்குத் தெரியும். மோயமோயா நோயாளிகள் பலரிடம் தெரியாத இழப்பு ஒன்றும் உண்டு. நடை சரியாக இருக்கும். பேச்சும் தெளிவாக இருக்கும். ஆனால் கணக்குப் பிசகும், அடுத்துச் செய்ய வேண்டியதைத் திட்டமிட முடியாது, சிறிது நேர வேலைக்கே மூளை களைத்துவிடும். மூளையின் முன்பகுதிக்கு நெடுங்காலமாக ரத்தம் குறைவாகச் சென்றதன் விளைவு இது. கடைக் கணக்கு எழுதி வாழ்ந்தவருக்கு இவ்விழப்பு ஒரு காலை இழப்பதற்குச் சமம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளை ஏற்கிறது. மூளைக் காயத்தால் நேரும் நினைவுத்திறன் இழப்புக்கெனத் தனித் தலைப்பு அதில் இல்லை. 40 விழுக்காடு இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள் என்ற வரம்பும் உண்டு. கை நன்றாக அசைகிறது என்பதற்காகச் சான்றிதழ் மறுக்கப்படுவோர் மேல்முறையீடு செய்ய அச்சட்டத்தில் வழி உண்டு.

வீட்டிலேயே படுக்கையில் இருப்போர் விஷயத்தில் எல்லையின் இருபுறமும் நல்ல முன்மாதிரிகள் உள்ளன. 2008இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்த கேரளத்தில், உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர் வீடுதேடிச் செல்கின்றனர். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையுடன் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. மாதந்தோறும் வாசலுக்கு வரும் அந்த ஊழியரின் பதிவேட்டில், 'இளவயதில் மூளைக்கசிவு; காரணம் கண்டறியப்பட்டதா?' என ஒரு வரி சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அவ்வரி இருந்தால் ஆசாரிப்பள்ளத்துக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்ப வேண்டியவர் யார் என்பது தெரிந்துவிடும்.

ஜப்பான் வேறு பாதையில் சென்றது. 1977லேயே சுகாதார அமைச்சகத்தின் ஆதரவில் மோயமோயா ஆய்வுக் குழுவை அமைத்தது. 2014இல் இயற்றி 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தீராநோய்ச் சட்டத்தின் பட்டியலில் மோயமோயாவுக்கு 22ஆம் எண். பட்டியலில் உள்ள நோயாளியின் தொடர் சிகிச்சையில் பெரும்பங்கை அரசு ஏற்கிறது. அதன் வழியே நோயாளிகளின் விவரமும் ஆண்டுதோறும் அரசிடம் சேர்கிறது. மேலே கண்ட புள்ளிவிவரங்கள் எல்லாம் ஜப்பானிலிருந்தே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அரியநோய்க் கொள்கை, பெரும்பாலும் பிறவியிலேயே வரும் வளர்சிதைமாற்றக் குறைபாடுகளைச் சுற்றியே எழுதப்பட்டது. அவற்றுக்கு ஆகும் செலவு கோடிகளில் செல்லக்கூடும் என்பதால் அது நியாயமே. ஒருமுறை செய்யும் அறுவையும் அதன் பின் ஆண்டுக்கொரு படமும் தேவைப்படும் நோய், இன்னும் குறைந்த செலவிலேயே அதில் இடம்பெறக் கூடியது.

நோயாளியுடன் முடியாத கணக்கு ஒன்றும் உண்டு. ஜப்பானில் பத்தில் ஒருவருக்கு மேற்பட்ட நோயாளிகளின் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இந்நோய் காணப்படுகிறது. கிழக்காசியரிடம் இதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்றை 2011இல் கண்டுபிடித்தனர். இந்திய நோயாளிகளிடம் அது அவ்வளவாகக் காணப்படுவதில்லை. ஆகவே ரத்தப் பரிசோதனை ஒன்றால் இங்கு எவரையும் 'உனக்கு வராது' என்று அனுப்பிவைக்க இயலாது. நோயாளியின் உடன்பிறந்தாருக்கோ பிள்ளைகளுக்கோ தலைவலி, கை கால் மரத்துப்போதல் போன்ற குறிகள் தோன்றினால் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் தமனிகளைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஊசியும் வேண்டாம், கதிரியக்கமும் இல்லை. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். இன்னும் கசிவு ஏதும் நிகழாத, மருத்துவமனையில் படுக்காத ஒருவருக்கு எடுக்கும் படம் அது. ஆயுஷ்மான் அட்டையை நீட்டினால், உள்நோயாளியாகச் சேராதவருக்கு அதில் வழியில்லை என்ற பதிலே கிடைக்கும்.